வீட்டில் டார்க் ரூம்: வாசகர் கேள்விகளும் ஒரு பழைய ஸ்டுடியோக்காரரின் பதில்களும்

பழைய ஃபிலிம் கேமராக்கள் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஃபிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் வீட்டிலேயே டார்க் ரூம் (இருட்டறை) அமைக்க முடியுமா? தாராளமாக முடியும். தருமபுரியில் நான் ஸ்டுடியோ நடத்தியபோது டார்க் ரூம் மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பஸ் பாஸ் படத்திலிருந்து கல்யாண ஆல்பம் வரை எல்லாம் அந்தப் பொந்திலிருந்து வந்தவைதான். இடம் போதாது என்ற கவலையை முதலில் விடுங்கள். நம் ஊரில் கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு இருக்கின்றன: வெயிலும் தண்ணீரும்.

கே: ஐயா, என் அப்பாவின் அக்ஃபா கிளிக் 3 கேமராவும் அதில் அவர் எடுத்த நெகட்டிவ்களும் பத்திரமாக இருக்கின்றன. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று காலி. அதை டார்க் ரூம் ஆக்கலாமா? நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. (ஓய்வு பெற்ற ஆசிரியர், பென்னாகரம்)

ப: மாடி அறை வேண்டாம் சார். ஏப்ரலில் அதற்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள், நானே சொல்லத் தேவையிருக்காது. வெளிச்சத்தை அடைப்பது சுலபம், சூட்டை அடைக்க முடியாது. கீழ்த்தளத்தில் வடக்குப் பக்கம் ஒரு குளியலறை இருந்தால் அதுவே போதும். தண்ணீர், சாக்கடை வழி, கழுவக்கூடிய தரை மூன்றும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

வென்டிலேட்டரை அடைக்க உங்கள் பக்கத்திலேயே நல்ல சாமான் கிடைக்கும். தக்காளித் தோட்டத்தில் பாத்திக்கு மேல் விரிக்கிறார்களே மல்ச்சிங் ஷீட், ஒரு பக்கம் வெள்ளி நிறம், மறுபக்கம் கறுப்பு. அதில் மீந்த துண்டு ஒன்றை எந்த விவசாயியும் சும்மாவே கொடுப்பார். ஒற்றையாகப் போட்டால் வெயில் ஊடுருவும், நான்காக மடியுங்கள். வெள்ளிப் பக்கம் வெளியே, கறுப்பு உள்ளே. அட்டையில் ஒட்டிச் சட்டம் போல வைத்தால் வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம், வீட்டில் இருப்பவர்கள் திட்டமாட்டார்கள். கதவின் அடி இடுக்குக்குப் பழைய லுங்கியைச் சுருட்டி வைத்தால் போதும். காற்று வேண்டுமென்றால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முன்னால் பிளம்பர் கடையில் விற்கும் பிவிசி எல்போ இரண்டை ஒன்றோடு ஒன்று மாட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். காற்று வளைந்து போகும், வெளிச்சம் வளையாது.

நண்பகலில் உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போன உடனே கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் அதற்கப்புறம்தான் தெரியும். கையில் பிடித்த வெள்ளைத் தாள் கண்ணில் படாமல் இருந்தால் அறை தயார். கீசர், சுவிட்ச்போர்டு ஆகியவற்றில் எரியும் குட்டி விளக்குகளுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி: உங்களுக்கு என்லார்ஜரே வேண்டாம். கிளிக் 3-இல் 120 என்ற வகை ஃபிலிம் போட்டு 12 படம் எடுப்பார்கள், ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டருக்கு 6. அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு அதே அளவில் கான்டாக்ட் பிரிண்ட் போட்டுத்தான் கொடுத்தோம். மேசையில் ஒரு ஸ்பாஞ்ச், அதன்மேல் பிரிண்ட் பேப்பரின் பளபளப்பான முகம் மேலே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் நெகட்டிவின் மங்கலான முகம் கீழே படும்படி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 5 மில்லிமீட்டர் கண்ணாடி. படத்துக்கு ஃபிரேம் போடும் கடையில் ஓரம் தேய்த்து வாங்குங்கள், இல்லையென்றால் இருட்டில் கை கிழியும். ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன பல்பைச் சில வினாடி எரியவிட்டு அணையுங்கள். எத்தனை வினாடி என்பதைப் பேப்பர்தான் சொல்ல வேண்டும். ஒரு துண்டை அட்டையால் மறைத்து, இரண்டிரண்டு வினாடியாக அட்டையை நகர்த்திக்கொண்டே வெளிச்சம் காட்டினால் படிப்படியாகக் கறுத்த பட்டைகள் கிடைக்கும். அதில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள்.

மற்றபடி மூன்று மருந்துக்கு (படத்தை வரவைக்கும் டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் என்கிற ஹைப்போ) மூன்று பிளாஸ்டிக் தட்டு, மூன்று இடுக்கி, ஒரு தெர்மாமீட்டர், அளவுக் குவளை. தட்டு மூன்றும் மூன்று நிறமாக இருக்கட்டும், டெவலப்பருக்கு வைத்தது என்றும் டெவலப்பருக்கே. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, டெவலப்பரின் காரம் அதை அரிக்கும். சமையலறைக்கு எதுவும் திரும்பப் போகக் கூடாது என்பதை வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

கே: எல்லாப் புத்தகத்திலும் டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்றே போட்டிருக்கிறது. எங்கள் டேங்க் தண்ணீர் மே மாதத்தில் கை வைக்க முடியாத சூடு. ஏசி இல்லாமல் வழி உண்டா? (கிருஷ்ணகிரி வாசகர்)

ப: மண்பானை. விளையாட்டாகச் சொல்லவில்லை. பானையின் மேல் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். நம் பக்கத்துக் கோடை வறண்ட கோடை என்பதால் பானை நன்றாகவே வேலை செய்யும். புதுப்பானை வாங்கி, அடியில் ஈர மணல் போட்டு, காற்றோட்டமான நிழலில் முந்தின இரவே நிரப்பி வையுங்கள். காலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். மருந்துப் பாட்டில்களையும் அந்தப் பானைக்குள்ளேயே கழுத்து வரை இறக்கி வைக்கலாம். ஐஸ் போடுவதாக இருந்தால் மருந்துக்குள் போடாதீர்கள், அது கரைந்து மருந்தை நீர்த்துப்போகச் செய்யும். தட்டுக்கு வெளியே பெரிய தட்டு வைத்து அதில் போடுங்கள்.

இன்னொன்று, 20 டிகிரி என்பது சட்டமல்ல. சூடு ஏறினால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக. ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஃபிலிமில் மருந்து சமமாகப் பிடிக்காது, திட்டுத் திட்டாகும். அதற்கு மருந்தை நீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, இல்ஃபோர்ட் கம்பெனியின் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அவர்களுடைய ஐடி-11 டெவலப்பரை அப்படியே ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். அந்த 13, தண்ணீர் 24 டிகிரி இருந்தால் சுமார் 9 நிமிடமாகும். 9 நிமிடம் நிதானமாகச் செய்யக்கூடிய வேலைதான்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது டெவலப்பரில் அல்ல, கடைசியில் கழுவும்போது. 24 டிகிரியில் டெவலப் செய்துவிட்டு, ஃபிலிமை நேராக மொட்டைமாடி டேங்க் தண்ணீர் வரும் குழாயின் கீழ் பிடிக்கிறார்கள். ஊறியிருக்கும் ஜெலட்டின் அந்தத் திடீர்ச் சூட்டில் உப்பி நெளியும். படம் முழுக்க வலை விரித்தது போல வெடிப்பு விழுந்தால் காரணம் இதுதான். டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். கழுவுவதற்குக் குழாயைத் திறந்துவிடவும் தேவையில்லை. ஃபிலிம் கழுவும் டேங்கில் (வெளிச்சம் புகாத மூடி போட்ட டப்பா) பானைத் தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. கெட்டிப்படுத்தும் மருந்து சேர்க்காத ஃபிக்ஸர் என்றால் இது போதும் என்று இல்ஃபோர்டே சொல்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை வாசகர்கள் இந்தப் பதிலைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். உங்களுக்குக் குளிர் இலவசம்.

கே: சார், ஃபேன்சி கடையில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டினேன். பிரிண்டின் வெள்ளைப் பகுதியெல்லாம் சாம்பல் நிறமாக வருகிறது. பேப்பர் பழசா, பல்பு சரியில்லையா? (கல்லூரி மாணவி, தருமபுரி)

ப: பல்பு மேல்தான் எனக்குச் சந்தேகம் அம்மா. அந்தப் பல்பில் பூசியிருக்கும் சிவப்புச் சாயம் மெல்லியது, கீறல் விழுந்தால் வெள்ளை வெளிச்சம் கசியும். பழைய பாட்டு சிடி ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தில் பல்பின் பிரதிபலிப்பைப் பாருங்கள். சிவப்பு மட்டும் தெரிந்தால் சரி, ஓரத்தில் பச்சையோ நீலமோ எட்டிப் பார்த்தால் அந்தப் பல்பு தீபாவளிக்குத்தான்.

உறுதி செய்யக் காசுச் சோதனை இருக்கிறது. முழு இருட்டில் ஒரு துண்டுப் பேப்பருக்கு மிக லேசாக வெளிச்சம் காட்டுங்கள், டெவலப் செய்தால் வெளிர் சாம்பல் வருகிற அளவுக்கு. பிறகு அதை நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே வைத்து, நடுவில் ஐந்து ரூபாய்க் காசை வைத்து, சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். டெவலப் செய்யும்போது காசு இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தால் விளக்கு பேப்பரைக் கெடுக்கிறது. வட்டம் இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் விளக்கு நல்லது, பேப்பரைத்தான் மாற்ற வேண்டும். முதலில் லேசாக வெளிச்சம் காட்டச் சொல்வதற்குக் காரணம், கொஞ்சம் வெளிச்சம் பட்ட பேப்பர்தான் அடுத்த வெளிச்சத்துக்குச் சீக்கிரம் இணங்கும். வெறும் பேப்பரில் காசு வைத்துப் பார்த்துவிட்டு விளக்கு நல்லது என்று ஏமாந்தவர்கள் நிறைய. விளக்கு தட்டிலிருந்து நான்கு அடியாவது தள்ளி இருக்கட்டும், நேராகக் கீழே அடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். கைப்பேசி அறைக்கு வெளியே.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சிவப்பு விளக்கு பேப்பருக்கு மட்டும்தான். இன்று கிடைக்கும் ஃபிலிம் அநேகமாக எல்லாமே சிவப்பையும் பார்க்கும். டேங்கில் ஏற்றி மூடி போடும் வரை முழு இருட்டு வேண்டும், மூடி போட்டபின் கூடத்தில் உட்கார்ந்துகூடக் கழுவலாம். ஃபிலிம் ஏற்றும் ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். வியர்த்த கையோடு ஏற்றினால் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகராது.

கே: ஃபிலிம் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. டெவலப்பர் கலக்கும்போதும் அடியில் மாவு போல ஏதோ தங்குகிறது. எங்களுடையது போர் தண்ணீர். (காவேரிப்பட்டணம்)

ப: பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் இரண்டுக்கும் காரணம். நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான். நம் வேலைக்கு எதிரி ஃபுளோரைடு அல்ல, கடினத்தன்மை. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலாக இறுத்துக்கொண்டாலே பாதிச் சுண்ணாம்பு பாத்திரத்தில் தங்கிவிடும். டெவலப்பர் கலக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் ஆர்ஓ தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ போதும், நடுவில் கழுவுவதற்கெல்லாம் வேண்டாம். கடைசி அலசலில், தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிய வைக்கும் வெட்டிங் ஏஜென்ட் சில சொட்டு. புள்ளி விழுந்த ஃபிலிமைத் தேய்க்காதீர்கள், திரும்ப ஊறவைத்து இதே மாதிரி அலசிக் காயப்போடுங்கள்.

கே: அரூரில் மூடப்போகிற ஸ்டுடியோ ஒன்றில் என்லார்ஜர் விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்?

ப: லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தால் விலையைப் பாதியாக்குங்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு 50 லென்ஸ், 120-க்கு 75 அல்லது 80. நெகட்டிவைப் பிடித்து வைக்கும் சட்டம், அதாவது நெகட்டிவ் கேரியர், இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அதுதான் முதலில் தொலையும். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி அடிப்பலகை, நெகட்டிவ் தட்டு, லென்ஸ் பலகை மூன்றிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மட்டத்தில் இல்லையென்றால் படத்தின் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர் மூலை மங்கலாகவும் வரும். பல்பு பால் நிறமாக, எழுத்து எதுவும் அச்சடிக்காததாக இருக்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் இருப்பது தோட்டப் பக்கம் என்றால் ஸ்டெபிலைசர் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நேற்று 12 வினாடியில் வந்த படம் இன்று வராது, நீங்கள் மருந்தைச் சந்தேகப்படுவீர்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற வேலை இது, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத லைனில் என்லார்ஜரை மாட்டாதீர்கள்.

கே: டெவலப்பர் பவுடர் ஆர்டர் போட்டால் வந்து சேர நாளாகிறது. நாமே கலக்க முடியாதா? காபித்தூளில் ஃபிலிம் கழுவலாம் என்று நண்பர் சொல்வது உண்மையா? (பாலக்கோடு)

ப: இரண்டும் உண்மை. ஸ்டுடியோக்களில் நாங்கள் தராசில் நிறுத்துக் கலந்துதான் பிழைத்தோம். கோடாக் 1927-இல் கொண்டுவந்த டி-76 டெவலப்பர் இன்னும் ஓடுகிறது. 750 மில்லி தண்ணீர், சுமார் 50 டிகிரி. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2, கடைசியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டராக்குங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது, சல்ஃபைட்டில் ஒரு சிட்டிகையை மட்டும் முன்னால் போட வேண்டும். ஒரு சிட்டிகை சல்ஃபைட் முதலில், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்தபின் மீதிச் சல்ஃபைட். சல்ஃபைட் நிறைய இருக்கும் தண்ணீரில் மெட்டால் கரையாது. சிலருக்கு மெட்டால் பட்டால் விரலில் அரிப்பு வந்து தோல் உரியும், கையுறை போடுங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். சாமான்களுக்குச் சேலத்தில் லேப் கெமிக்கல் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

ஸ்டாப் பாத்துக்கு அசிட்டிக் ஆசிட் தேடி அலைய வேண்டாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 15 கிராம். மாம்பழக் கூழ் ஆலைகள் உள்ள மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? வாசனையும் அடிக்காது.

காபி விஷயம் 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்கள் சோதித்துப் பார்த்தது. இப்போது பலர் கலக்கும் அளவு: லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி பவுடர் 16, இன்ஸ்டன்ட் காபித்தூள் 40. 20 டிகிரியில் 15 நிமிடம். சலவை சோடா கல்லு கல்லாக, பளிங்கு போல இருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, 54-க்குப் பதில் 145 கிராம் போடுங்கள். ஆப்ப சோடா வேறு, அதைப் போட்டால் ஃபிலிம் வெறுமையாக வரும். ஃபில்டர் காபித்தூள் வேண்டாம். மலிவான இன்ஸ்டன்ட்தான் இதற்கு நல்லது, சிக்கரி குறைவாக உள்ளதாகப் பாருங்கள். நாற்றம் மட்டும் தாங்க முடியாது. டிகாக்‌ஷன் வாசனை வரும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். பொறுமை இருந்தால் செய்து பாருங்கள். என்னைக் கேட்டால் டி-76.

கே: கலர் ஃபிலிமை வீட்டில் கழுவ முடியுமா? (ஊத்தங்கரை)

ப: முடியும். கலர் நெகட்டிவ் ஃபிலிமுக்கான சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 வினாடி. நம் மே மாதக் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய அதே சூட்டில்தான் வருகிறது, வெயிலால் ஒரு உபகாரம். ஆனால் கால் டிகிரி மாறினாலே நிறம் மாறும் என்பதால் குழாயை நம்பாமல் ஒரு பெரிய டப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். கறுப்பு-வெள்ளையில் கை பழகியபின் ஆரம்பியுங்கள். கலர் பேப்பருக்கு உங்கள் சிவப்பு விளக்கு உதவாது.

கே: அண்ணா, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறான். கணவர் குளியலறையில் இந்த வேலையை ஆரம்பித்திருக்கிறார். மருந்தெல்லாம் ஆபத்தா? பழைய ஹைப்போவை எங்கே கொட்டுவது? செப்டிக் டேங்கில் விடலாமா? (ஓசூர்)

ப: நீங்கள் கேட்டது நல்லது அம்மா, அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல் விதி: கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. டெவலப்பர் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும், பழசானால் டீ நிறம். கெமிக்கல் கேன் வாங்கி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பூட்டுகிற அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தரையையும் குழாய்ப் பிடியையும் இரண்டு முறை அலச வேண்டும், காய்ந்த மருந்து தூளாகிப் பறக்கும். குழந்தை குளிக்கும் வாளியும் மக்கும் அந்த அறையில் இருக்கவே வேண்டாம்.

டெவலப்பரையும் ஸ்டாப் பாத்தையும் ஒன்றாகக் கலந்து நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் விடலாம். ஹைப்போ வேறு. ஃபிலிமிலும் பேப்பரிலும் இருந்த வெள்ளி அதில் கரைந்திருக்கிறது. அது செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும், கிணற்றுப் பக்கம் ஊற்றினால் இன்னும் மோசம். எங்கள் காலத்தில் பழைய ஹைப்போவை விலை கொடுத்து வாங்கிப்போக ஆள் வருவார், அந்த வெள்ளிக்காகத்தான். இப்போது அப்படி யாரும் வராவிட்டால் வீட்டிலேயே பிரிக்கலாம். பிளாஸ்டிக் கேனில் ஹைப்போவைச் சேர்த்து இரும்பு நாரைப் போட்டு வைத்தால் இரும்பு கரையும், வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். கடையில் பாத்திரம் தேய்க்க விற்கும் பளபளப்பான நார் பெரும்பாலும் துருப்பிடிக்காத வகை, அது ஒன்றும் செய்யாது. இரவு முழுக்க ஈரத்தில் போட்டுப் பாருங்கள், காலையில் துரு ஏறியிருந்தால் அதுதான் சரியான நார். கேனில் போட்டு ஒரு வாரம் விட்டு, மேல் தண்ணீரை இறுத்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றிவிடலாம். சேற்றைக் காயவைத்துத் தனி டப்பாவில் சேர்த்து வரச் சொல்லுங்கள்.

ஹைப்போ தீர்ந்துவிட்டதா என்று தெரிய, வெளிச்சம் பட்ட ஃபிலிம் முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதில் போடச் சொல்லுங்கள். கண்ணாடி போலத் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று புது ஹைப்போவில் ஒரு தடவை பார்த்துக் கேன் மேலேயே எழுதி வைக்கட்டும். அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆனால் அந்தக் கேன் இரும்பு நாருக்குப் போக வேண்டியதுதான்.